ஜன்னல் பச்சை

லூதியானாவில் டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் சூரியனும் எங்கள் பிராஞ்சில் ஒருத்தர் மாதிரிதான். வந்தால் வருவார், வராவிட்டால் கேட்க முடியாது. பதினொரு மணிக்குப் பனிமூட்டம் விலகி மொட்டை மாடியில் கொஞ்சம் வெயில் விழும். மூணு மணிக்கு அதுவும் போய்விடும். இந்த நாலு மணி நேரத்தை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காரியத்தில் இறங்கினேன். அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளைப் பிரித்து, சரி பண்ணி, பெயிண்ட் அடிப்பது.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். ஊர் வீட்டை ஒழித்தபோது, பின்கட்டில் விறகுக்குப் பின்னால் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. அக்கா, "பழைய இரும்புக்காரன்கிட்டே போட்டுடலாமாடா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா, "அது இருக்கட்டும்" என்றார். அந்தப் பத்து நாளில் அம்மா வாய்விட்டுச் சொன்ன ஒரே கருத்து அதுதான். ஆகவே அம்மாவும் லூதியானா வந்தார். சாக்கில் சுற்றி, ரயில்வே பார்சலில், சைக்கிளும் பின்னாலேயே வந்து சேர்ந்தது.

"இந்த ஊருக்கா சைக்கிளைக் கொண்டு வர்றீங்க?" என்று தங்கமணி சிரித்தாள். நியாயமான கேள்விதான். ஹீரோ சைக்கிள்ஸ் 1956-ல் ஆரம்பித்த ஊர் இது. 1986-ல் உலகத்திலேயே அதிகம் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று அது கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது. பெரிய கம்பெனிகளை விடுங்கள். தெருவுக்குத் தெரு சின்னப் பட்டறைகள். ஒருத்தர் மட்கார்டு மட்டும் செய்வார், இன்னொருத்தர் பெடல் மட்டும், வேறொருத்தர் ஸ்போக்ஸ் கம்பியின் நுனியில் வரும் அந்தக் குட்டி நிப்பிள் மட்டும். இவர்களுடைய கேஷ் கிரெடிட் கணக்குகளைப் பார்ப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் ஃப்ரீவீல் எத்தனை குரோஸ் என்று சரிபார்த்திருக்கிறேனே தவிர, ஒரு ஃப்ரீவீலைக் கழற்றியதில்லை.

நம்ம வண்டியோ சென்னைக்காரன். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் தயாரிப்பு, அம்பத்தூர் சரக்கு. நான் பிறப்பதற்கு முந்தின வருஷம், 1978-ல், தான் எழுத்தராக இருந்த கூட்டுறவுச் சங்கத்திலேயே சைக்கிள் லோன் போட்டு அப்பா வாங்கியது. 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், முன் சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ், பின் சக்கரத்தில் 40. மூட்டை ஏற்றுகிற வண்டிக்குப் பின்னால்தானே பலம் வேண்டும்!

முதல் ஞாயிறே இடது பெடலைக் கழற்றப்போய் விரல் முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். இடது பெடலுக்கு மரை தலைகீழ். மற்றதெல்லாம் இடப்பக்கம் திருகினால் கழலும், இது மட்டும் இறுகும். காமர்ஸ் படித்தவனுக்கு டெபிட் எது கிரெடிட் எது என்று சொல்லிக்கொடுத்தார்கள், இதைச் சொல்லவில்லை. அடுத்து காட்டர் பின். பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற ஆணி. துருப்பிடித்து உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. நாலு நாள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்தும் அசையவில்லை. கடைசியில் தெருமுனை மிஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் கீழே ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, மேலிருந்து ஒரே அடி. பின் தெறித்து வந்தது. "மேனேஜர் சாப், தயங்கித் தயங்கிப் பத்து அடி அடித்தால்தான் பின் வளையும்" என்றார் இந்தியில். இருபது வருஷ சர்வீஸில் எந்த டிரெய்னிங் காலேஜிலும் இதைவிட நல்ல பாடம் கேட்டதில்லை.

பார்ட்ஸுக்கு கில் ரோடு மார்க்கெட். அச்சுக்கும் பின் சக்கரத்துக்கும் கால் இஞ்ச் பால்ஸ், முன் சக்கரத்துக்கு அதைவிடப் பொடி, 3/16. புது கோன், பிரேக் கட்டை, டயர், டியூப். எல்லாம் பில் போட்டு, முழு விலை கொடுத்து. எங்கள் கஸ்டமர் சர்தார்ஜி ஒருவர், "பிரேமை மட்டும் அனுப்புங்க, பவுடர் கோட்டிங் பண்ணி அனுப்பறேன், காசெல்லாம் பேசாதீங்க" என்றார். அவருடைய லிமிட் ரினியூவல் என் மேஜையில் இருந்தது. கும்பிட்டு மறுத்துவிட்டேன். அன்று மறுத்ததற்குக் காரணம் பேங்க் விதி. பின்னால் யோசித்தால், அந்த அடுப்புக்குப் போவதற்கு முன் பழைய பெயிண்டை மொத்தமாக உரித்திருப்பார்கள். உரித்திருந்தால் இந்தக் கதையே எனக்குத் தெரிந்திருக்காது.

பெயிண்டுக்கு வருவோம்.

வண்டி வந்தது கறுப்பாக. கம்பெனிக் கறுப்புதானே, தேய்த்துவிட்டு அதே கறுப்பை அடித்தால் வேலை முடிந்தது என்பது என் திட்டம். சின்ன வயதில் அது பச்சையாக இருந்த ஞாபகம் எனக்கு உண்டு. பச்சையை அப்பா எப்போதோ சுரண்டி எடுத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அந்தப் பச்சையைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. காரணம் கீழே வருகிறது.

பழைய பெயிண்டைத் தேய்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த உப்புத்தாளை வைத்துத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. தூசி மூக்கில் போனால் விஷம், குழந்தைகளுக்கு இன்னும் மோசம். முகமூடி போட்டு, வாட்டர் பேப்பரை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். நாலு டிகிரி குளிருக்கு அப்புறம் எழுந்த காலையில், வாளித் தண்ணீரில் கைவிட்டுத் தேய்க்கிற சுகம் இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது.

அம்மா மாடியின் மறுகோடியில், வெயிலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிப் பாட்டியும் வருவார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கூடை பச்சைப் பட்டாணி. இவருக்குப் பஞ்சாபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பட்டாணி உரிக்க மொழி எதற்கு? ஊரில் பேச்சை நிறுத்தியிருந்த அம்மா, அந்தப் பாட்டியிடம் தமிழிலேயே ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, குறுக்குக் குழாயைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பு கரைந்து, அடியில் பச்சை தெரிந்தது. சுரண்டி எடுக்கப்படவில்லை, அப்படியே முழுசாக இருக்கிறது. இன்னும் தேய்த்தேன். பச்சைக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் மறுபடி கறுப்பு, அதன் மேல் மயிரிழை மாதிரி தங்கக் கோடு. அதுதான் கம்பெனிக் கறுப்பு. அப்படியானால் மேலே இருக்கிற கறுப்பு?

அப்பா ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவி எண்ணெய் போடுவார். வீட்டில் பெயிண்ட் மிச்சம் இருந்தால் அதையும் அடித்துவிடுவார். நீலம் எனக்குத் தெரியும், அக்கா சடங்குக்குக் கதவுக்கு அடித்ததில் மிச்சம், 1987. பச்சை 1990, புது ரூம் கட்டியபோது ஜன்னல் கம்பிக்கு வாங்கியது. பாஸ்புக்கைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிற மாதிரி எல்லா வரவும் டாலி ஆனது, மேல் என்ட்ரியைத் தவிர.

"அம்மா, இந்தக் கறுப்பு எப்ப அடிச்சது?"

அம்மா பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ பத்தாவது படிக்கிறப்ப" என்றார்.

பத்தாவது என்றதும் எனக்குக் கை நின்றுவிட்டது.

1994, ஆகஸ்ட் மாதம். நான் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். மத்தியானம் கேட்டில் அப்பா நிற்கிறார், அந்த ஜன்னல் பச்சை சைக்கிளோடு. பிரஷ் தடம் தெரிய, மட்கார்டில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த பச்சை. கூட வந்த பையன் தாசில்தார் மகன். "யாருடா, உங்கப்பாவா?" என்று கேட்டான். நான், "இல்லடா, பக்கத்து வீட்டு மாமா" என்றேன்.

ஆறடி தூரம்தான். அப்பாவுக்குக் கேட்டது. எப்படித் தெரியும் என்றால், டிபன் பாக்ஸை என் கையில் கொடுத்து அவர் சொன்னது இது: "உங்கப்பா குடுத்துட்டு வரச் சொன்னாருப்பா."

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் வழக்கம்போல பேசினார். அதற்கப்புறம் முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கு ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது கேட்க ஆள் இல்லை.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

"அன்னைக்கு ராத்திரியே சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. பையன் மேல தப்பில்ல, வண்டி கலரு அப்படின்னாரு. அந்த ஆயுதபூஜைக்குக் காசு குடுத்து கறுப்பு டப்பா வாங்கிட்டு வந்தாரு. மிச்சப் பெயிண்ட் இல்ல, புது டப்பா. ரெண்டு கோட்டிங்."

அந்தப் பூஜைக்கு வண்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தது நான்தான். வருஷா வருஷம் அது என் வேலை. கறுப்பு வண்டிக்குத்தான் வைத்திருக்கிறேன். பார்க்கவில்லை. கேட்டில் வண்டியைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு வீட்டில் பார்க்கத் தெரியவில்லை. பதினைந்து வயது என்று சொல்லலாம். முப்பது வயதிலும் பார்க்கவில்லையே, அதற்கு என்ன சொல்வது?

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு நான் வண்டியைத் தொடவில்லை. பனி அதிகம் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். அது பொய்யும் இல்லை. அந்தக் குளிரில் எனாமல் லேசில் காயாது, காய்வதற்குள் ஈரம் பட்டால் பளபளப்புப் போய்ச் சுண்ணாம்பு பூத்த மாதிரி ஆகிவிடும். பிப்ரவரி பாதிக்கு மேல் வெயில் உறைக்க ஆரம்பித்ததும், துருவை எடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தேன். சீட்டுக்குக் கீழே, குழாயில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் தேய்க்காமல், அடிக்காமல் விட்டேன். கறுப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று அந்த இடத்தில் வளையம் வளையமாகத் தெரியும். அதன் மேல் வார்னிஷ் மட்டும்.

அப்புறம் கழன்று வந்த ஒரு பச்சைச் சில்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஷேட் கார்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "கிரில்லுக்கா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன்.

தங்கமணிக்கு முதலில் புரியவில்லை. "ஏங்க, அவரே அந்தக் கலர் வேணாம்னுதானே மாத்தினார்?" என்றாள். அவருக்கு வேண்டாம் என்று மாற்றவில்லை, எனக்கு வேண்டாம் என்று மாற்றினார், அதனால்தான் என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அம்மா இரண்டாவது கோட்டிங் காய்ந்ததும் கிட்டே வந்து மட்கார்டைத் தடவிப் பார்த்தார். "ரொம்ப வழவழன்னு அடிச்சுட்டே. உங்கப்பா அடிச்சா பிரஷ் தடம் தெரியும்" என்றார். அன்று ராத்திரி அம்மா, அப்பா எண்பதுகளில் அதே வண்டியில் தன்னை டபுள்ஸ் வைத்துச் சினிமாவுக்குக் கூட்டிப்போன கதையைச் சாப்பாடு ஆறுகிறவரை சொன்னார். போகிற வழியில் போலீஸ்காரரைக் கண்டு இறங்கி நடந்தார்களாம்.

மார்ச் முதல் வாரம், பிராஞ்சுக்கு சைக்கிளில் போனேன். மூணு கிலோமீட்டர். கார்களுக்கும் புல்லட்டுகளுக்கும் நடுவில் ஜன்னல் பச்சையில் ஒரு ஹெர்குலிஸ். வாசலில் ஸ்டாண்ட் போட்டேன். அந்தச் சத்தம் மட்டும் மாறவே இல்லை. எங்கள் கார்டு ஒரு ரிட்டயர்டு ராணுவக்காரர், எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சாப், இது யாருடையது?" என்றார்.

"எங்கப்பாவோடது" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, வண்டியை வெயிலிலிருந்து எடுத்து நிழலில் வைத்தார்.