குளக்கட்டு போடும் வண்டி

ஆனையிறவில் பஸ் நின்றபோது பிள்ளைகள் கண்டது வெயிலையும் வெட்டவெளியையும்தான். முல்லைத்தீவுக் கிராமப் பாடசாலை ஒன்றின் எட்டாம் தரம். யாழ்ப்பாணம் பார்க்கப் புறப்பட்ட சுற்றுலா. ஏ9 வீதியோரம் நிற்கும் இரும்பு வண்டியைக் காட்டி ஒருவன், "இதுதான் யுத்த தாங்கியோ சேர்?" என்று கேட்டான்.

நான் வாய் திறக்குமுன் இன்னொருவன் சொன்னான்: "இல்லையடா, டோசர். எங்கட குளக்கட்டுக்கு மண் தள்ளினதும் இதுமாதிரித்தான்."

அவன் சொன்னதுதான் சரி. அது புல்டோசர். 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் ஆனையிறவு முகாமை முற்றுகையிட்டபோது, சுற்றிவர இரும்புத் தகடு பொருத்தி, காவலரண்களை நோக்கி ஓட்டிவந்த வண்டி. அந்த உப்புவெளியில் ஒரு ஆள் மறைய ஒரு பற்றைகூட இல்லை. நடந்து போகிறவன் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே சூடு வாங்குவான். தகடு போட்ட வண்டி முன்னால் போனால் சன்னம் தெறிக்கும், பின்னால் ஆட்கள் ஒதுங்கி வரலாம். உள்ளே இருந்தது சிங்க றெஜிமென்ற்றின் ஆறாவது படைப்பிரிவு. அதிலிருந்த காமினி குலரத்ன, கண்டி மாவட்டத்து ஹசலகவைச் சேர்ந்தவர், கைக்குண்டுகளோடு வண்டியில் ஏறி அதை நிறுத்தினார், தானும் இறந்தார். பரம வீர விபூஷணய விருதை முதலில் பெற்றவர் அவரே. 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு புலிகளிடம் விழுந்தது, 2009 ஜனவரியில் இராணுவத்திடம் திரும்பியது. வண்டி இன்று காமினியின் நினைவுச்சின்னம்.

'தாங்கி' என்ற சொல்லே ஒரு வேடிக்கை. முதலாம் உலகப்போரில் இங்கிலாந்துக்காரர் இரகசியமாக இந்தக் கவச வண்டியைச் செய்தபோது, வெளியில் கதை போகாமலிருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று பேர் வைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் முதன்முதலாக இறக்கினார்கள், பேர் ஒட்டிக்கொண்டது. எங்கள் பிள்ளைகளோ ஆங்கிலப் பாடத்தில் இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் 'டாங்க்' என்று படிக்கிறார்கள். இங்கிலாந்தின் பொவிங்டன் அருங்காட்சியகத்தில் அந்த முதல் மாதிரி வண்டி, 'லிட்டில் வில்லி', இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கிறவன் இயந்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். அந்தப் போரில் செத்தவர்களுக்காக அழ இன்று ஆளில்லை. ஆனையிறவில் அப்படி முடியாது.

வரிசையில் கடைசியாக நின்ற பிள்ளை மெதுவாகக் கேட்டாள்: "ஓட்டினவற்ற பேர் என்ன சேர்?"

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தது, பொருளைக் கண்ணால் காட்டு, கேள்வி தானாக வரும் என்று. கேள்வி வந்தபின் ஆசிரியன் என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை.

அந்தச் சண்டை நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்கு முந்திய ஒக்டோபரில் புலிகள் எங்களை வெளியேற்றியிருந்தார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் வாப்பா வானொலியை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் செய்தி கேட்பார். ஆனையிறவு என்ற சொல் வரும்போதெல்லாம் புலிகள் தோற்க வேண்டும் என்று நான் நினைத்தேன். சின்ன வயதுக் கோபம்தான், ஆனால் உண்மையான கோபம். இந்தப் பிள்ளையின் வீட்டிலோ சுவரில் ஒரு சித்தப்பாவின் படம் தொங்குகிறது. யார் பக்கம் நின்று செத்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையுமில்லை, மாலை போட்டிருக்கிறது.

"இங்க எழுதியிருக்கிறது காமினியின்ர பேர், மகள்," என்றேன். "ஓட்டினவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பா. அவவுக்குப் பேர் தெரியும்."

இது பாடத்திட்டத்தில் இல்லாத விடை. யாராவது காதில் வாங்கினார்களோ என்று திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்வானேன். பக்கத்தில் தெற்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றது. தகப்பன் தன் மகனைத் தூக்கிப் பிடித்து வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன கதையில் 'காமினி' மட்டும் எனக்கு விளங்கியது. அந்தச் சின்னவன் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக் கையசைத்தான், இவர்களும் அசைத்தார்கள்.

எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி எண்ணினேன். ஒருவன் குறைந்தான். டோசர் என்று சொன்னவன்தான். வண்டியின் பக்கத்தில் குந்தியிருந்து சங்கிலிச் சக்கரத்தின் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொடாதை, வாடா," என்று கூப்பிட்டேன்.

"தொடேல்லை சேர்," என்றான். "எங்கட குளத்துக்கு வந்ததைவிட இது பெரிசு."