கொண்டாடு

"மச்சி, இன்டர்வியூ கிளியர், செலிப்ரேட் பண்ணணும்"னு எங்க கிளாஸ்ல யாராவது சொன்னா, அடுத்த வார்த்தை பிரியாணிதான். அரியர் போனாலும் செலிப்ரேட், லேப் கேன்சல் ஆனாலும் செலிப்ரேட். ஒரு ஜூனியர் தலைவர் ஒருத்தரோட நினைவு நாள் போஸ்டர்லயும் அதையே போட்டிருந்தான். தம்பி, ஆங்கிலத்துல அதுக்கு 'அப்சர்வ்'. தமிழ்லயும் நினைவு நாளை அனுசரிப்போம், கொண்டாட மாட்டோம்.

செலிப்ரேட்டுக்கு வேர் லத்தீன்ல இருக்கிற 'செலிபர்'. அதுக்கு அர்த்தம் சந்தோஷம் இல்ல, கூட்டம். ஜனங்க நெருக்கியடிச்சு வந்துபோற இடத்தை அப்படிச் சொன்னாங்க. 'செலிப்ரிட்டி'யும் அதே குடும்பம்தான். 15-ம் நூற்றாண்டுல ஆங்கிலத்துக்கு வந்தப்போ அது சடங்கு நடத்துறதைக் குறிச்சுது. இன்னிக்கும் சர்ச்ல பாதிரியார் பூசையை 'செலிப்ரேட்' பண்றார்னுதான் சொல்றாங்க. பார்ட்டி எல்லாம் பின்னாடி வந்தது.

கூட்டம்ங்கிற அர்த்தத்தை தாம்பரத்துக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. தீபாவளிக்கு முந்தின நாள் சாயந்திரம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்க. நாகர்கோவில் போற அந்த்யோதயாவுல ரிசர்வேஷன் பெட்டியே கிடையாது, ஜன்னல் வழியா முதல்ல பை ஏறும், அப்புறம் ஆள். வெளியில ஜிஎஸ்டி ரோடு நகராது. 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தப்புறம் நெரிசல் கொஞ்சம் தெற்கே நகர்ந்திருக்கு, அவ்வளவுதான்.

நம்ம வார்த்தை வேற மாதிரி. கொண்டு, ஆடு. சொந்தம் கொண்டாடுறது, உறவு கொண்டாடுறது, உரிமை கொண்டாடுறது, இதுல எதுலயும் பண்டிகை இல்ல. பிள்ளையும் தெய்வமும் கொண்டாடுற இடத்துலன்னு பாட்டிங்க சொல்வாங்களே, அங்கேயும் பட்டாசு இல்ல. நம்மளோடதுன்னு சேர்த்துப் பிடிச்சுக்கிறதுதான் இருக்கு.

எனக்கு இந்த வித்தியாசம் முக்கியம். எங்க அப்பா பஸ் டிரைவர். ஊருக்குப் போற கூட்டத்தை இறக்கிட்டு, திரும்புற கூட்டத்தை ஏத்திக்கிட்டு அவர் முடிச்சூர் வர்றதுக்குள்ள தீபாவளி முடிஞ்சிருக்கும். எனக்கு விவரம் தெரிஞ்சு, தீபாவளி காலையில அவர் வீட்ல இருந்தது 2 தடவை. "என்னப்பா, உங்க வீட்ல செலிப்ரேட் பண்ணலையா?"ன்னு பக்கத்து வீட்டு அங்கிள் வருஷா வருஷம் கேட்பார். நல்ல மனுஷன்தான். சின்ன வயசுல அந்தக் கேள்விக்குப் பயந்தே நான் வாசலுக்கு வர மாட்டேன். அம்மா மட்டும் அசராம, "அவர் வரட்டும்ண்ணே"ம்பாங்க.

அப்பா வந்து, தூங்கி எழுந்ததும் எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி. தெருவே பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடிச்சப்புறம் எங்க வாசல்ல புஸ்வாணம். ஒரு வருஷம் நான் கம்பி மத்தாப்பை எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவர் சேர்லயே தூங்கிட்டார். புதுச்சட்டையில லேபிள்கூடப் பிரிக்கல. அம்மா மத்தாப்பை வாங்கி உள்ள வச்சிட்டாங்க. அடுத்த நாள் சாயந்திரம் கொளுத்தினோம்.