பிள்ளைகள் வீட்டில் ஆறு மாதம்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போய், ஐந்தாறு மாதம் தங்கித் திரும்பும் பெற்றோரின் பயணம் சட்டத்தின் கண்ணில் சுற்றுலாப் பயணம்தான். பேரக்குழந்தை பிறக்கப்போகிறது, மகள் தனியாக இருக்கிறாள், மகன் புது வீடு வாங்கியிருக்கிறான் என்று காரணம் எதுவாக இருந்தாலும், பெரும்பாலும் கிடைப்பது சுற்றுலா விசா. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் அமராவதி நகரைச் சுற்றிய ஊர்களில் இந்தப் பயணம் இன்று பழகிப்போன ஒன்று. 1957இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையின் பாசனத்தில் தென்னையும் கரும்பும் வைத்த குடும்பங்களும், 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளியைச் சுற்றி வாழ்பவர்களும், திருப்பூர் பனியன் தொழிலில் காலூன்றியவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் கடல் கடந்து போனார்கள். இப்போது அப்புச்சியும் அம்மிச்சியும் விமானம் ஏறுகிறார்கள்.

இந்தப் பயணங்களைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளே திட்டமிடுகிறார்கள். படிவத்தை அவர்களே நிரப்புகிறார்கள், டிக்கெட்டையும் அவர்களே எடுத்துத் தொலைபேசிக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் விசா அதிகாரி கேள்வி கேட்பது பெற்றோரிடம். நள்ளிரவில் முன்பின் தெரியாத விமான நிலையத்தில் வழி தேடி நிற்பதும் அவர்கள்தான். ஆகவே தங்கள் காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பெற்றோர் அறிந்திருப்பது இந்தத் திட்டமிடலின் முதல் வேலை.

எத்தனை நாள் தங்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் பார்வையாளர் விசா ஒரு முறைக்கு ஆறு மாதம் வரை தங்க விடுகிறது. இரண்டு, ஐந்து, பத்து ஆண்டு விசா வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் அந்த ஆறு மாதம்தான் எல்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. ஜெர்மனியில் மகனும் பிரான்ஸில் மகளும் இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே அந்தக் கணக்கு. ஆஸ்திரேலியாவின் 600 என்ற எண்ணுள்ள விசா மூன்று, ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்துக்குக் கிடைக்கும். இதில் பலருக்கு 8503 என்ற நிபந்தனை சேர்ந்து வரும். அது இருந்தால் அங்கே இருந்துகொண்டே தங்குதலை நீட்டிக்க வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். விசா கடிதத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். கனடா இந்த விஷயத்தில் பெரிய மனதோடு நடந்துகொள்கிறது. அங்கே குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர்களின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசா என்று தனியாக ஒன்று உண்டு. 2022 ஜூலை முதல் அதில் ஒரே வருகையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. பெற்றோரின் வருகையைக் குடும்ப வருகையாகவே ஏற்கும் இப்படியொரு விசா எல்லா நாட்டிலும் இருந்தால் நன்றாக இருக்கும்.

எந்த நாடானாலும் வேலை பாஸ்போர்ட்டில் தொடங்குகிறது. தமிழ்க் குடும்பங்களுக்கு அங்கே வரும் சிக்கல் பெயர். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஓர் எழுத்து இனிஷியலும் சொந்தப் பெயரும் வாழ்நாள் முழுதும் போதுமானதாக இருந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டோ இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டு, சொந்தப் பெயரை மட்டும் எழுதி வாங்கியவர்கள் ஏராளம். அவர்களுக்கு அமெரிக்க விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்று எழுத்து நிற்கும். பயணத்துக்கு அதனால் தடை இல்லை. ஆனால் டிக்கெட்டில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதை விமான நிறுவனத்திடம் கேட்டே எடுக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. போகும் வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கிச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்தச் சிக்கல் இன்னொரு மடங்கு. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் இனிஷியல், ரேஷன் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் கணவரின் இனிஷியல், ஆதாரில் வேறு ஏதோ ஒன்று என்று இருக்கும். திருமணம் ஆனதால் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று பாஸ்போர்ட் விதி சொல்வதில்லை. எல்லா ஆவணங்களையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்த பிறகு விண்ணப்பித்தால் பின்னால் வரும் அலைச்சல் பாதியாகக் குறையும். ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் பழைய சான்றிதழ்களில் உடுமலை வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருக்கும். அது பிழையில்லை. எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதினால் போதும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்ற குறி விழும் என்ற பயம் பல தாய்மார்களுக்கு உண்டு. 50 வயதைக் கடந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். 2023 அக்டோபர் 1க்கு முன் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை போன்ற பிற ஆவணங்களும் ஏற்கப்படுகின்றன.

அமெரிக்க விசாவுக்கு டி.எஸ்.-160 என்ற படிவமும் 185 டாலர் கட்டணமும் வேண்டும். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது. நேர்காணல் தேதிக்கான காத்திருப்பு மாதக் கணக்கில் நீள்வது வழக்கம். 2022இல் இந்தியாவில் அது பல இடங்களில் ஓராண்டையும் தாண்டியது. வளைகாப்பு முடிந்த பிறகு விண்ணப்பிக்கத் தொடங்கினால் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குத்தான் போய்ச் சேர முடியும். முன்பு 79 வயதைக் கடந்தவர்கள் நேரில் வரத் தேவையில்லை என்ற சலுகை இருந்தது. 2025 செப்டம்பர் 2 முதல் அது இல்லை. தள்ளாத வயதினரும் நேரில் வர வேண்டியிருக்கிறது. இது கடுமையான முடிவு. முதியவர்களுக்கு இதைத் தவிர்த்திருக்கலாம்.

உடுமலையில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. ஒரு நாள் கைரேகையும் புகைப்படமும், இன்னொரு நாள் அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணல். தமிழிலேயே பதில் சொல்லலாம். தொலைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆகவே மகன் வேலை செய்யும் நிறுவனம், அவர் வசிக்கும் ஊர், எத்தனை மாதம் தங்கப் போகிறோம், செலவு யாருடையது என்ற விவரங்கள் நினைவில் இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறது. அப்படியில்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. தோப்பு, மாடு கன்று, ஓய்வூதியம், உள்ளூரில் இருக்கும் இன்னொரு பிள்ளை என இவை எல்லாமே திரும்பி வருவதற்கான காரணங்கள்தான். கட்டுக்கட்டாகக் கொண்டுபோகும் பத்திரங்களை அதிகாரி பெரும்பாலும் கேட்பதில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் நேராகச் சொல்லும் பதிலைக் கேட்கிறார். உண்மையை மட்டும் சொல்லிப் பழக்க வேண்டும். நான்கு மாதம் என்று சொல்லச் சொல்லிக்கொடுத்து ஆறு மாதம் தங்க வைப்பது, பெற்றோரின் அடுத்த பயணத்துக்கே இடைஞ்சல் செய்வதாகும்.

விசா கிடைத்தால் பொதுவாகப் பத்து ஆண்டுக்குக் கிடைக்கும். குழப்பம் நேர்வதும் இங்கேதான். அந்தப் பத்து ஆண்டு, நாட்டின் வாசலுக்கு வந்து அனுமதி கேட்பதற்கான காலம். எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் குடிவரவு அதிகாரி முடிவு செய்து, ஐ-94 என்ற பதிவில் ஒரு தேதியாக எழுதுகிறார். சுற்றுலா விசாவுக்கு அது பெரும்பாலும் ஆறு மாதம். குறைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே அமெரிக்கச் சுங்கத் துறையின் இணையதளத்தில் அந்தத் தேதியைப் பார்த்து அச்செடுத்து வைக்க வேண்டும். பிழை இருந்தால் உடனே திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. பழைய பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தும் அதிலுள்ள விசா செல்லுபடியாக இருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப் போகலாம்.

டிக்கெட் எடுக்கும் முறை விசா கைக்கு வந்த பிறகுதான். விமான நிறுவனங்கள் பொதுவாகப் பதினொரு மாதத்துக்கு முன்பே முன்பதிவைத் திறக்கின்றன. போகவர எடுக்கும் டிக்கெட் பயணம் தொடங்கியதிலிருந்து ஓராண்டு வரை செல்லும் என்பதால் ஆறு மாதத் தங்கலுக்கு அதுவே ஏற்றது. திரும்பும் தேதியை மாற்ற இடம் தரும் கட்டணத்தைத் தேர்ந்தெடுப்பதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். திரும்பும் நாளை ஆறாவது மாதத்தின் கடைசி நாளில் வைக்கவே கூடாது. காய்ச்சல், பனிப்புயல், ரத்தான விமானம் என்று எது வந்தாலும் தாங்கும்படி இரண்டு மூன்று வாரம் முன்னதாக இருக்கட்டும்.

கோயம்புத்தூர் பீளமேடு விமான நிலையத்திலிருந்து ஷார்ஜா, அபுதாபி, சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ இல்லை. சென்னை, பெங்களூரு போய் மாறலாம். பொள்ளாச்சி, பாலக்காடு வழியாகக் காரிலேயே கொச்சிக்குப் போய் அங்கிருந்து வளைகுடா விமானத்தைப் பிடிப்பதும் இந்தப் பகுதிக்கு வசதியான வழி. எப்படிப் போனாலும் புறப்படும் ஊரிலிருந்து சேரும் ஊர் வரை ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு) எண்ணில் இருப்பது நல்லது. கோவை–சென்னை டிக்கெட்டை மலிவாகத் தனியே எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் கேட்க ஆளில்லை. பெட்டி எடையிலும் அடி விழும். அமெரிக்க விமானத்தில் பெரும்பாலும் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி அனுமதி. உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோதான். பருப்புப் பொடியும் கொத்தமல்லித் தூளுமாகக் கட்டிய பெட்டிக்கு கோவையிலேயே அபராதம் கட்ட நேரும். அந்தப் பெட்டியில் கறிவேப்பிலை, பழங்கள், விதைகள், இறைச்சி கலந்த பண்டங்கள் வேண்டாம். பசுமையான கறிவேப்பிலைக்கு அமெரிக்காவில் தடை இருக்கிறது. மற்ற உணவுப் பொருளையும் சுங்கப் படிவத்திலோ அதிகாரியிடமோ மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலம் பழக்கமில்லாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை முன்பே கேட்டுப் பதிவு செய்வது பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய உபகாரம். முழங்கால் வலியோடு நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களை, உதவியாளர் ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயில் வரை கூட்டிச் செல்வார். மருந்துகளை அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வைக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் எந்த அளவுக்கு அடங்கும் என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். அங்கே ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தாலும் ஆகும் செலவு, இங்கே ஒரு தோப்பின் ஆண்டு வருமானத்தைத் தாண்டிவிடக்கூடும்.

எந்த மாதம் போவது என்பதையும் விவாதிக்க வேண்டும். அணைச் சாலையில் தினமும் நடந்து பழகிய கால்களை நியூஜெர்சியின் ஜனவரியில் வீட்டுக்குள் பூட்டுவது கொடுமை. சித்திரையில் போய்ப் புரட்டாசியில் திரும்புவது உடம்புக்கு இதமானது. மே, ஜூன் மாதங்களிலும் டிசம்பர் நடுவிலும் ஏறும் கட்டணத்திலிருந்தும் ஓரளவு தப்பலாம். தேங்காய் வெட்டையும் மடைத் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். முன்னாள் ராணுவத்தினரும் மத்திய அரசு ஓய்வூதியர்களும் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழுக்கும் அதற்குள் வந்துவிடலாம். அப்போது அங்கேயே இருக்க நேர்ந்தால் இந்தியத் தூதரகத்தின் வழியே கொடுக்க முடியும். வங்கியின் ஓ.டி.பி. வரும் இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பதும் மறக்கக்கூடாதது.

அமெரிக்காவில் தங்குதலை நீட்டிக்க ஐ-539 என்ற மனு இருக்கிறது. ஐ-94 தேதி முடிவதற்குள், கூடுமானவரை 45 நாள் முன்பே போட வேண்டும். நோய் போன்ற உண்மையான தேவைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதே சரி. அந்தத் தேதியை அனுமதியில்லாமல் தாண்டினால் பத்து ஆண்டு விசாவே செல்லாததாகிவிடும். 180 நாளுக்கு மேல் தாண்டித் தங்கி வெளியேறினால் மூன்று ஆண்டும், ஓராண்டோ அதற்கு மேலோ தாண்டினால் பத்து ஆண்டும் உள்ளே வரத் தடை. இரண்டு வருகைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஆனாலும் அங்கே இருந்த காலத்தைவிடக் கூடுதலாக இந்தியாவில் இருந்துவிட்டுப் போவதே பாதுகாப்பு.

அமெரிக்காவிலிருந்து புறப்படும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த அங்கே ஆள் இருக்காது. விமான நிறுவனம் தரும் தகவலிலிருந்தே வெளியேறிய நாள் பதிவாகிறது. ஊர் திரும்பியதும் அந்தப் பதிவை அதே இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு, திரும்பி வந்த விமானத்தின் போர்டிங் பாஸைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பதிவில் எப்போதாவது பிழை தெரிந்தால், காலத்தோடு கிளம்பினோம் என்பதற்குப் பெற்றோரின் கையிலிருக்கும் சான்று அதுதான்.