'தெருக்குரல்' ஆல்பமும் என் அம்மாவும்

தோழர்களே, அறிவும் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தை வடசேரி பேருந்து நிலையத்தில் நின்றபடிதான் முதலில் கேட்டேன். கூட்டங்களில் நாம் ஒரு மணி நேரம் பேசுவதை 'ஆன்டி இந்தியன்' என்ற ஒரே பாட்டில் சொல்லிவிட்டாரே என்று சிலிர்த்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். நாஞ்சில் வயல்களில் பாடிக்கொண்டே நாற்று நட்டவள். "நல்ல கோவத்துல பாடுகான் மக்களே, ஆனா ஒண்ணும் மனசிலாகல்ல" என்றாள்.

உண்மைதான். ராப்பின் வேகம் பல இடங்களில் சொல்லை விழுங்கிவிடுகிறது. அதிகாரத்தோடு வாதாடும் ஆல்பம், நம் வீட்டாரோடு பேச மறந்துவிட்டது.

2021இல் தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து அறிவு எழுதிய 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தபோது அம்மா கூடவே பாடினாள்.

கோபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. எழுதியதை முதலில் வீட்டில் பாடிக்காட்டுங்கள்.