மூச்சு முட்டிய வண்டி

2021ஆம் ஆண்டு அப்பாவிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டோம். வாங்கினோம் என்பது மரியாதைக்காகச் சொல்வது, பிடுங்கிக்கொண்டோம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவுகள் கொண்டது. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ஃப் என்ற பெயரோடு வெளிவந்த ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் தயாரானது. மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்தது. முன்மூடி மட்கார்டுகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாகச் சாயும். முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். மஞ்சக்குப்பம் வீட்டு வாசலில் ஞாயிறுதோறும் அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். ரித்விக் கட்டக் 1958இல் எடுத்த ‘அஜாந்த்ரிக்’ படத்தில் பிமல் என்ற ஓட்டுநர் தன் பழைய காரோடு பேசிக்கொண்டே இருப்பான். அப்பா பேசமாட்டார், கேட்பார். அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு, 2019இல், அண்ணனும் தம்பியுமாக நாங்கள் புதிய சீட் உறைகளும் வைப்பர்களும் சாவி போட்டுப் பூட்டும் பளபளப்பான டேங்க் மூடியும் வாங்கிக் கொடுத்தோம்.

அதன்பின் வந்த சிதம்பரம் பயணங்களில்தான் தொல்லை ஆரம்பித்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம்வரை ஒழுங்காக ஓடும். புதுச்சத்திரம் நெருங்கும்போது இரண்டு முறை உதறிவிட்டு நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். ஊருக்குள் ஓட்டினால் நிற்பதே இல்லை. ஆகவே வண்டியில் குறையில்லை, ஓட்டுகிறவரிடம்தான் குறை என்று முடிவு கட்டினோம். “மூச்சு முட்டுதுடா அதுக்கு” என்று அப்பா சொன்னார். வயதானவர் பேச்சு என்று எடுத்துக்கொண்டோம். லாரிகள் பறக்கிற சாலையில் அம்மாவோடு அவர் நின்றுகொண்டிருந்த மூன்றாவது தடவைதான் சாவியைப் பிடுங்கியது. 2023இல் அப்பா காலமானார்.

வண்டியை விற்றுவிடுவதென்று தீர்மானமாயிற்று. அதற்கு முன் ஆனித் திருமஞ்சனத்துக்கு ஒருமுறை அதிலேயே போக வேண்டும் என்றாள் அம்மா. 2024 ஜூனில் வேலையைத் தொடங்கினோம்.

மூன்று ஆண்டுகள் நின்ற வண்டி. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. கார்புரேட்டரைக் கழற்றினால் மிதவைக் கிண்ணத்தின் அடியில் பழுப்புப் பிசின். ஜெட்டின் ஊசித்துளை அடைந்திருந்தது. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறோம். காற்றடித்தே சுத்தம் செய்தோம். ரப்பர் குழாய்கள் உப்பி மெதுத்திருந்தன. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு எல்லாப் பழியையும் எத்தனாலின் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. பழைய ரப்பர் விஷயத்தில் அந்தப் பழி நியாயமானதே. எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றினோம். பம்பின் டயஃப்ரத்தையும் மாற்றினோம். டேங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டு, அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் புறப்பட்டோம்.

புதுச்சத்திரம் நெருங்கும்போது நின்றது.

வேப்பர் லாக் என்றார்கள் பார்த்தவர்கள் எல்லோரும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டால், பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், பெட்ரோலை இழுக்காது. ஈரத்துணியைப் பம்பின் மீது சுற்றிக் காத்திருந்தோம். கிளம்பியது. பி.முட்லூர் தாண்டியதும் மீண்டும் நின்றது, மீண்டும் ஈரத்துணி. சிதம்பரம் போய்ச் சேர்ந்து, அம்மாவைக் கோயிலில் விட்டுவிட்டு, விசாரித்துக்கொண்டு ஒரு பழைய பட்டறைக்குப் போனோம்.

பட்டறைக்காரர் எழுபதைத் தாண்டிய பாய். முன்மூடியைத் திறக்கப் போனோம். அவர் பின்பக்கம் போனார்.

“டேங்க் ரொப்பினா நிக்குமா, கொஞ்சமா இருந்தா நிக்குமா தம்பி?”

யோசித்துப் பார்த்தோம். ஊருக்குள் ஓட்டும்போது இரண்டு லிட்டர், மூன்று லிட்டர்தான் இருக்கும். சிதம்பரம் வரும்போது மட்டும்தான் நிரப்புவோம். எஞ்சினை ஓடவிட்டு அதுவாக நிற்கும்வரை காத்திருந்தார். அரை மணிக்கு மேல் ஆயிற்று. நின்றதும் டேங்க் மூடியைத் திருகினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம். நெடுநேரம் அடக்கிய மூச்சை யாரோ இழுத்தது போலிருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னார். உடனே ஓடியது.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய மூடியில் அதற்கென்று சிறு துளை உண்டு. நாங்கள் வாங்கிய மூடியில் இல்லை. நிரம்பிய டேங்கில் காற்றுக்கு இடம் கொஞ்சம்தான் என்பதால், ஓரிரு லிட்டர் செலவானதுமே உள்ளே வெற்றிடம் பலமாகிவிடும். பம்ப் இழுக்கப் பார்க்கும், டேங்க் விடாது. காலியான டேங்கில் காற்று தாராளமாக இருப்பதால் ஊருக்குள் ஒன்றும் தெரிவதில்லை. ஈரத்துணி எதையும் சாதிக்கவில்லை. துணி காயும்வரை நாங்கள் காத்திருந்த நேரத்தில் மூடியின் இடுக்கு வழியே கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

“இத எப்ப போட்டீங்க?” என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூடியில் துளை போட்டுத் தருவதாகச் சொன்னார். அதற்கு முன் டிக்கியில் அப்பாவின் கருவிப்பெட்டியைத் துழாவினோம். ஸ்பானர்களுக்கு அடியில் பழைய மூடி இருந்தது. எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, நூலால் கட்டியிருந்தார். தாளின் தேதி 2020 பிப்ரவரி. புது மூடியைப் போட்டது 2019இல். இடைப்பட்ட மாதங்களில் அவருக்கு ஏதோ தோன்றி, பழையதை எடுத்துத் துடைத்து, மாட்டிப் பார்க்கலாம் என்று நினைத்து, பிள்ளைகள் வாங்கித் தந்ததைக் கழற்ற மனமில்லாமல் கட்டிவைத்தாரா? அல்லது எந்தப் பழைய சாமானையும் எறியாத அவர் சுபாவம்தானா? அம்மாவிடமும் கேட்டோம். அவளுக்குத் தெரியவில்லை.

பழைய மூடியை மாட்டிக்கொண்டு அன்று மாலை திரும்பினோம். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, புதுச்சத்திரம் வந்தபோது யாரும் பேசவில்லை. எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஆலப்பாக்கமும் கடந்துவிட்டது. அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

“அந்தப் புது மூடிய எங்கடா?”

பட்டறையிலேயே போட்டுவிட்டு வந்ததைச் சொன்னோம்.

“நீங்க ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு தெனம் அதத் தொடைப்பாருடா. போய் எடுத்துக்கிட்டு வாங்க.”

வண்டியைத் திருப்பினோம்.