வெடித்த பொம்மையும் வெடிக்காத நானும்

ஆகஸ்ட் 25, திங்கள்

நவராத்திரிக்கு ஒரு மாதம்கூட இல்லை. கொலு பொம்மை ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிறது. காலையிலிருந்து மோல்டில் ஸ்லிப் ஊற்றும் வேலை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, மண் உள்பக்கச் சுவரில் ஏடு கட்டும். மிச்சக் குழம்பைக் கவிழ்த்தால் உள்ளே வெறும் வெளி. அடி மூடிய பொம்மைக்கு மறக்காமல் ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரத்தின் ஆவியும் சூட்டில் விரிந்து பொம்மையைப் பிளந்துவிடும். குடத்துக்குள் உள்ள ஆகாயமும் வெளியே உள்ள ஆகாயமும் ஒன்றே என்பது வேதாந்திகளின் பழைய உதாரணம். இங்கே செட்டியார் பொம்மைக்குள்ளும் மீனாட்சி பொம்மைக்குள்ளும் ஒரே காற்றுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படி இறங்கவே நெரிசல். இதே ஊரில்தான் குமாரதேவர் மடமும் இருக்கிறது. அங்கே கூட்டம் கிடையாது. கன்னட நாட்டில் அரசராக இருந்து துறந்தவர் என்பது வரலாறு. பேரூர் சாந்தலிங்க சுவாமிகளுக்குச் சீடர், திருப்போரூர் சிதம்பர சுவாமிகளுக்குக் குரு. பசித்திருந்த அவருக்கு அம்பாள் பெரியநாயகி பால் கொடுத்தாள் என்று ஊரில் கதை உண்டு. கதை தெரிந்த பலருக்கு ‘அத்துவித உண்மை’, ‘சுத்த சாதகம்’ என்று அவர் எழுதியவற்றின் பெயர்கூடத் தெரியாது. நமக்கு அற்புதம் போதும்!

ஆகஸ்ட் 29, வெள்ளி

சூளை பிரித்தோம். மழை ஈரத்தில் சரியாகக் காயாத சரக்கு, ஒரு வரிசை முழுக்க விரிசல். பச்சையாக உடைந்தால் ஊறவைத்துத் திரும்ப ஊற்றலாம். வெந்த மண்ணை அப்படிச் செய்ய முடியாது. வியாபாரி போனில் கத்தினார். எனக்கும் ஏறியது.

1896-இல் இதே தேதியில்தான் வேங்கடராமன் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். பின்னால் ரமணரான அவரிடம் ‘நான் யார்?’ என்று கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளை, எங்கள் பழைய தென்னாற்காடு ஜில்லாவின் ரெவின்யூ இலாகா ஊழியர். பிள்ளை 1910-இல் வேலையை விட்டார். குமாரதேவர் அரசையே விட்டார். சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியவன் எதை விடுவது? ரமணர் தம்மிடம் வந்த குடும்பஸ்தர்களை வேலையை விடச் சொல்லவில்லை. ‘நான் செய்கிறேன்’ என்ற நினைப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்கத்தான் சொன்னார்.

சாயங்காலம் மறுபடி போன். கோபம் வருவது தெரிந்தது. தெரிந்துகொண்டிருந்தது எதுவோ, அதற்குக் கோபம் இல்லை. இரண்டு நிமிஷம் அப்படி நின்றது, அவ்வளவுதான். ஆனால் விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. எல்லாம் ஒன்றே என்று பேசி அடுத்தவர் கூலியில் கைவைப்பதை அத்துவிதம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அத்துவிதம் படிக்க எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்கள் எடுத்தவுடன் ‘சுத்த சாதக’த்தில் இறங்க வேண்டாம்; செய்யுள், உரை இல்லாமல் நகராது. பிள்ளையின் கேள்விகளுக்கு ரமணர் சொன்ன பதில்கள்தான் 1923-இல் அச்சான ‘நானார்?’; சின்னப் புத்தகம், எளிய தமிழ். அதை முடித்துவிட்டு விருத்தாசலம் வாருங்கள். பழமலைநாதரைக் கும்பிட்ட கையோடு குமாரதேவர் மடத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.