அலசிய பிறகும் நிற்கும் நிறம்

தலைமன்னார்ப் பக்கம் கடற்கரை மணலை அள்ளிப் பார்த்தால் இடையிடையே கறுப்பு மணிகள் மினுங்கும். அதில் இல்மனைட் உண்டு. இரும்பும் தைட்டானியமும் ஒட்சிசனோடு சேர்ந்த கனிமம் அது. இரும்பை நீக்கினால் கிடைப்பது வெள்ளை வெளேரென்ற தைட்டானியம் டையொக்சைட். சாயமேற்றிய சூரியக் கலம் செய்யும் எங்களுக்கு வேலையே அந்தத் தூளில்தான்.

தூளைக் குழைத்துக் கண்ணாடியில் மெல்லப் பூசி, 450 பாகை செல்சியசில் சுடுவோம். பிறகு, சற்று அமிலம் விட்ட நீரில் செவ்வரத்தம் பூவிதழ்களை ஊறவைத்து வடித்த சாற்றில் அதை அமிழ்த்துவோம். சாறு சிவப்பு. ஆனால் வெள்ளைப் பூச்சு மெல்ல மெல்ல ஊதாவாகும். இதழிலுள்ள சயனிடின் மூலக்கூறில் அடுத்தடுத்து இரண்டு ஐதரொட்சில் கூட்டங்கள் இருக்கின்றன. நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல அவை மேற்பரப்பிலுள்ள தைட்டானியத்தைக் கவ்வும்போது புரோத்தனை இழக்கின்றன. நிறம் நீலப் பக்கம் நகர்கிறது. ஊதா தெரிந்தால் பிடி விழுந்துவிட்டது. யாரும் அடுக்கவில்லை, நீருக்குள் மூலக்கூறுகளே இடம்தேடி ஒற்றைப் படையாக அமர்கின்றன.

தோய்த்தெடுத்த பூச்சை அலசப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மனம் வராது. நிறம் கடுமையானால் மின்னோட்டமும் கூடும் என்று நினைப்பார்கள். தைட்டானியத்தைத் தொடாமல் மேலே குந்தியிருக்கும் மூலக்கூறு ஒளியை வாங்குமே தவிர, இலத்திரனைக் கீழே கொடுக்காது. அதனால் இந்த வேலையின் நுட்பம் தோய்ப்பதில் இல்லை, அலசுவதில் இருக்கிறது என்பேன். அலசு நீர் நிறமற்று ஓடும்வரை விடக்கூடாது.

விஞ்ஞானிகளான கிரெட்சலும் ஓரீகனும் 1991இல் ருத்தேனியச் சாயத்தோடு இந்தக் கலத்தை உலகறியச் செய்தார்கள். கண்டியில் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர் 1990களிலேயே சயனிடினை ஏற்றி ஆராய்ந்தார்கள். பூச்சாயக் கலத்தின் வினைத்திறன் பெரும்பாலும் 1 வீதத்தை எட்டாது. இருந்தாலும் மூலக்கூறின் பிடியைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இந்தப் பிடி மன்னாருக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் இங்கே சாயவேர் தோண்டுவித்து வருமானம் பார்த்தார்கள். அந்த வேரின் சாயமான அலிசரினும் இதேபோன்ற பிடியால்தான், படிகாரம் தோய்த்த பருத்தியில் அலுமினியத்தைப் பற்றிச் சிவப்பாகிறது. அந்தச் சிவப்புக்குக் கல்சியமும் வேண்டும். சிப்பியும் சுண்ணாம்பும் கரைந்த கிணற்று நீர் அதற்கு வாய்ப்பு. சயனிடினுக்கோ அந்த நீர் ஆகாது. காரம் ஏறினால் நிறம் பச்சை பாய்ந்து சிதையும். ஊரில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டும்போது கிணற்றைத் தொடாமல், மாரியில் பிடித்துவைத்த மழைநீரிலேயே அலசுகிறேன்.